தொண்டைமானாற்றங் கரையிலே கனிமரங்களின் மறுவாழ்வு

பருத்தித்துறையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக மேற்கு நோக்கிச் செல்வோர், வல்வெட்டித்துறையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் ஒரு புதுக் காட்சியைக் காண்பர். வலப்புறத்திலே பாக்குநீரிணை, இடப்புறத்திலே அமைதியாய்க் கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு, இரண்டையும் இணைக்கும் ஒடுங்கிய நீர்வாயில். அதுவே தொண்டைமானாறு. பெயரிலே ஆறு உண்டாயினும், இது மலையிற் பிறந்து சமவெளியிலே தவழ்ந்துவரும் ஆறன்று. கடல் உள்ளே நீட்டிய ஒரு கையைப் போன்றது. முதலாம் குலோத்துங்க சோழனுடைய படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், உப்பை ஏற்றிச் செல்வதற்காக இந்நீர்வழியை வெட்டுவித்தான் என்பது யாழ்ப்பாணத்து மரபு.

ஊரின் பெயரைக் கேட்டதும் பக்தர்களுக்கு ஆற்றங்கரையிலே எழுந்தருளியிருக்கும் செல்வச்சந்நிதி முருகனே நினைவுக்கு வருவான். மாணவர்களுக்கோ வெளிக்கள நிலையமும் அதன் வினாத்தாள்களும் நினைவுக்கு வரும்! நாம் இன்று சொல்லப் புகுவது இவ்விரண்டுமன்று. இந்த ஊரையும் அயலூர்களையும் சேர்ந்த வீட்டு வளவுகளிலே நின்று மூன்று தலைமுறைக்குக் கனி கொடுத்த மரங்கள், விழுந்த பின்னர் என்ன ஆகின்றன என்பதே நம் பொருள்.

மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு இக்கரையை விடப் பொருத்தமான இடம் வேறு யாது? பாய்க்கப்பல்கள் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சென்று வந்த காலத்திலே, இந்த வடகரையின் செல்வமெல்லாம் மரத்தின் மேலேயே மிதந்தது. பக்கத்து ஊராகிய வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை ரொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். அது அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. பலகைக்குப் பலகை இசையாமலும், பொருத்து வாய்கள் பிளந்தும் இருந்திருப்பின் அக்கப்பல் எத்தனை நாள் நீரில் நின்றிருக்கும்? மரத்தின் குணமறிந்து அறுத்துக் காயவைத்த கைகளின் பெருமையன்றோ அது!

இனி, கடலை விட்டு வளவுக்குள்ளே வருவோம். யாழ்ப்பாணத்து வளவு ஒரு சிறு சோலை. பனை, தென்னை, மா, பலா, புளி, விளாத்தி, நாவல், நெல்லி என ஒவ்வொன்றும் பசிக்கு ஒரு துணை. ஒவ்வொன்றும் வீட்டுக்கு ஒரு மரம். ஆற்றின் மேலைக்கரையிலே இடைக்காடு, அச்சுவேலிப் பக்கத்துச் செம்மண்ணும், தெற்கே தென்மராட்சியின் சாவகச்சேரி, கொடிகாமத்து மண்ணும் பலாவுக்கும் மாவுக்கும் பேர்போனவை. கறுத்தக் கொழும்பானும் அம்பலவியும் செம்பாட்டானும் காய்த்த மரங்களை நாம் நாவினால் அறிவோம். அவற்றின் பலகையைக் கையினால் அறிந்தவர் இப்போது மிகச் சிலரே.

மரங்களின் வேறுபாட்டை நம் முன்னோர் நுணுகி நோக்கினர். வெளிப்புறத்திலே வைரமுடையவற்றைப் புல்லென்றும், உட்புறத்திலே வைரமுடையவற்றை மரமென்றும் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. இந்த இலக்கணத்தின்படி பனையும் தென்னையும் புல்லினம். பலாவும் மாவும் புளியும் மரவினம். வாள் பிடிப்பவனுக்கு இது வெறும் ஏட்டுக் கல்வியன்று. முதிர்ந்த பனையின் வலிமை வெளிப்புறத்துக் கரிய நார்களிலே இருக்கிறது. நடுவிலுள்ள சோற்றியோ பஞ்சு போன்றது. ஆகவே பனையைக் கோடாலியாலும் ஆப்பாலும் நெடுகப் பிளந்து, உட்சோற்றியைச் செதுக்கி எறிந்து, புறத்தைத் தீராந்தியாகவும் சலாகையாகவும் கொள்வர். குடைந்த பாதி, தண்ணீர் ஓடும் பீலியாகும். முழுமரம் கிணற்றுத் துலாவாகும். பலாவிலோ நேர்மாறு. வெளியே உள்ள வெளிர்நிற வெண்மரத்தை வண்டு எளிதில் துளைக்கும். உள்ளே இருக்கும் பொன்னிற வைரத்தைக் கறையானும் எளிதில் தீண்டாது.

ஒவ்வொரு கனிமரத்துக்கும் ஒவ்வொரு தொழில் உண்டு. பலா நிலை, கதவு, பெட்டகம், அலுமாரி ஆகியவற்றுக்கு உகந்தது. மிருதங்கமும் வீணையும் தவிலும் அதன் வயிற்றிலே பிறப்பவை. இணுவிலிலும் அளவெட்டியிலும் திருவிழாத் தோறும் முழங்கிய தவில்களின் ஓசையிலே, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் விரல்களுக்கு எவ்வளவு பங்குண்டோ, நன்கு உலர்ந்த பலாவுக்கும் அவ்வளவு பங்குண்டு எனலாம். பலாவை அறுக்கும்போது உதிரும் மஞ்சள் தூளைக் கொதிக்க வைத்துப் பௌத்த துறவியர் தம் ஆடைக்குச் சாயமேற்றும் வழக்கம் பழைமையானது. கடினமான புளி, செக்குக்கும் உரலுக்கும் தச்சரின் கொட்டாப்புளிக்கும் ஏற்றது. நாவல் நீரிலே எளிதில் அழுகாது. நெல்லிக் கட்டையைக் கிணற்றினடியில் இட்டால் நீர் தெளியும் என்பர். வன்னிக் காட்டிலிருந்து பழமாக வரும் பாலை, பளுவும் உறுதியும் மிக்க உத்தரமாகும். மா மெல்லியது, வாங்குக்கும் பெட்டிக்கும் தட்டுக்கும் போதும். ஐரோப்பியரும் கனிமரத்தைக் கைவிட்டாரல்லர். பேரி மரம் நுண்ணிய இழையுடையது. ஆகையால் அதிலே அச்சுக்கட்டையும் வரைதற் கருவிகளும் செய்தனர்.

இத்தனை பயன் இருப்பதனாலேயே ஓர் இடரும் உண்டாகிறது. கனி தரும் மரத்தைப் பலகைக்காக வெட்டுவது, பால் தரும் பசுவைத் தோலுக்காகக் கொல்வதை ஒக்கும். இதையுணர்ந்தே இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் அனுமதியின்றி வெட்டலாகாது. பஞ்ச காலத்திலே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுபவை இம்மூன்றுமே என்பதை எண்ணினால் சட்டத்தின் கருத்து விளங்கும். ஆகவே, வளவிலே பலாவொன்று பட்டுப்போனாலும், புயலிலே சரிந்தாலும், வீட்டின் மேல் விழுமென்று அஞ்ச நேர்ந்தாலும் முதலிற் செய்ய வேண்டியது கிராம அலுவலரைக் கண்டு பிரதேச செயலகத்தின் அனுமதியைப் பெறுவதே.

அனுமதி கிடைத்த பின்பு என்ன நடக்கிறது? பெரும்பாலும் விறகு வியாபாரி வருகிறார். அடிமரத்தைச் சுற்றிப் பார்க்கிறார். ஒரு விலை சொல்கிறார். மரத்தைப் பற்றி ஒன்றுமறியாத வீட்டுக்காரர், வளவு துப்புரவானாற் போதுமென்று சம்மதிக்கிறார். பேரன் ஏறி விளையாடிய மரம் மாலைக்குள் வண்டியேறிப் போய்விடுகிறது. அடுத்த ஆண்டிலே அதே வீட்டுக்காரர், எங்கிருந்தோ வந்த மரத்திலே செய்த கதவொன்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகிறார். தம் வீட்டுக் கதவைத் தாமே விறகு விலைக்கு விற்றோம் என்பதை அவர் அறிவதில்லை.

ஆகையால் வளவு மரத்தை வீட்டிலேயே பலகையாக்கும் முறையை எல்லோரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, காலம். நமது குடாநாட்டிலே ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவ மழை. அக்காலத்தில் வெட்டிய மரம் ஈரத்திலே கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். தை பிறந்து மழை ஓய்ந்த பின் வெட்டுவதே சிறந்தது. தேய்பிறையிலே வெட்ட வேண்டுமென்று முதியோர் சொல்வர். அதைப் பின்பற்றுவோர் பின்பற்றலாம். ஆனால் எந்தப் பிறையில் வெட்டினாலும், வெட்டிய மரத்தை அறுக்காமற் கிடக்க விடுவது பிழை. மாவைப் பொறுத்தவரை இது மிகமிக உண்மை. சில கிழமை தாமதித்தாலும் வெண்மரத்தில் நீலக்கறை படர்ந்துவிடும், வண்டும் புகுந்துவிடும்.

இரண்டாவது, மரத்தின் இரு முனைகளையும் மூடுதல். தண்ணீர் மரத்தின் பக்கங்களை விட வெட்டு முனைகளின் வழியே பன்மடங்கு விரைவாக வெளியேறும். முனை காய்ந்து சுருங்க, நடு ஈரமாய் நிற்க, இரண்டுக்குமிடையே நடக்கும் இழுபறியினாலே முனையிலிருந்து வெடிப்புக் கிளம்பும். மரம் விழுந்த அன்றே பழைய வர்ணத்தையோ உருக்கிய மெழுகையோ முனைகளிலே தடித்துப் பூசிவிட்டால் ஒவ்வொரு முனையிலும் ஓரடிப் பலகை மிஞ்சும். இவை இல்லாதவிடத்துச் சாணமும் களியும் குழைத்து அப்புவதும் ஓரளவு உதவும்.

மூன்றாவது, அறுப்பு. முற்காலத்திலே ஆள் நிற்கும் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, அதன் குறுக்கே மரத்தைக் கிடத்தி, கரி தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டு, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று நீண்ட வாளை இழுப்பர். கீழே நிற்பவர் தலையிலே தூள் மழையாய்ப் பொழியும். இன்று மரக்காலைக்கு ஏற்றிச் சென்றால் இயந்திர வாள் சிறிது நேரத்தில் முடித்துவிடும். ஏற்றிச் செல்ல இயலாத பெருமரத்தைப் பழகியவர்கள் வளவிலேயே சங்கிலி வாளால் பலகையாக்குகின்றனர். கருவி எதுவாயினும் விதி ஒன்றே: நெஞ்சுமரத்தைப் பலகையின் நடுவிலே வைக்கலாகாது. மரம் உலரும்போது வளையத்தின் போக்கிலே சுருங்கும் அளவு, நெஞ்சிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப் போல ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே நெஞ்சை உள்ளடக்கிய பலகை பிளந்தே தீரும். முதல் வாளை நெஞ்சின் வழியே ஓட்டி மரத்தை இரண்டாக்குவது அறிவுடைமை. ஓரங்குலக் கனமுள்ள கதவுப் பலகை வேண்டுமானால் ஒன்றேகால் அங்குலத்துக்கு அறுக்க வேண்டும். சுருக்கத்துக்கும் சீவுளிக்கும் அந்தக் காலங்குலம் காணிக்கை.

நான்காவது, அடுக்குதல். ஒரு கொட்டிலோ, நான்கு கம்பும் கிடுகுக் கூரையுமோ போதும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்திலே கல்லடுக்கி, அதன்மேல் பலகையைப் பரப்ப வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் இடையே ஓரங்குலச் சதுரமுள்ள, நன்கு உலர்ந்த சிறு சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக இடுதல் வேண்டும். மேல் வரிசைச் சட்டம் கீழ் வரிசைச் சட்டத்துக்கு நேர்மேலே நிற்பது அவசியம். தவறினால் பலகை அலைபோல் வளையும். உச்சியிலே பாறாங்கற்களை ஏற்றிவிட்டால் மேற்பலகைகள் முறுக மாட்டா. பலாவின் வெண்மரத்தையும் மாம்பலகையையும் அடுக்குமுன் வெண்காரக் கரைசலில் நனைத்தெடுத்தால் வண்டின் தொல்லை குறையும்.

இவ்விடத்திலேதான் தொண்டைமானாற்றின் இயல்பு நமக்கு ஆசானாகிறது. வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று வல்லை வெளியைத் தாண்டி ஓயாது வீசும். அந்தக் காற்று மரத்துக்குக் கைகண்ட மருந்து. அளவு மீறினால் நஞ்சு. பச்சைப் பலகையைச் சோளகத்துக்கு நேரே நிறுத்தினால் மேற்பரப்பு உலர்ந்து இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டு, பலகை வெடிக்கும். முதல் இரண்டு மாதங்களுக்குக் காற்று வரும் பக்கத்திலே கிடுகோ சாக்கோ தொங்கவிட்டு, பின்பு சிறிது சிறிதாகத் திறந்துவிடல் வேண்டும். வெயில் ஒருபோதும் நேரே படலாகாது.

மற்றொன்று உப்பு. மரத்தை நீரில் ஊறப்போட்டால் அதிலுள்ள மாப்பொருளும் சர்க்கரையும் கரைந்து, உளுக்கும் அச்சம் குறையும். இது பல நாடுகளும் அறிந்த உண்மை. ஆனால் உவர்நீரில் ஊறிய மரத்திலே உப்புத் தங்கிவிடும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஆணியைத் துருவாக்கும். ஆற்றிலே ஊறப்போடுவோர் பின்பு நன்னீரில் பலமுறை அலசியே அடுக்க வேண்டும்.

எப்போது பலகை காய்ந்தது என்பதை அறிவது எப்படி? மாணவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அடுக்கிலுள்ள பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி நிறுக்க வேண்டும். 100 கிராம் இருப்பதாகக் கொள்வோம். அதை நூறு பாகை வெப்பமுள்ள அடுப்புப் பெட்டியிலே, எடை மேலும் குறையாத நிலை வரை வைத்து மீண்டும் நிறுத்தால் 80 கிராம் இருக்கிறது. போன நீர் 20 கிராம். இதை உலர்ந்த எடையாகிய 80ஆல் வகுத்தால் ஈரம் 25 சதவீதம். பச்சை மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பின்புதான் சுருக்கம் தொடங்குகிறது. நமது கடலோரக் காற்றிலே திறந்தவெளியில் ஏறத்தாழ 15 சதவீதத்தோடு நின்றுவிடும். அந்நிலையை அடைந்த பலகையே தச்சுக்கு உகந்தது. குளிர்நாடுகளிலே ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. நமது வெப்பத்தில் ஓரங்குலப் பலகை சில மாதங்களிலே உலர்ந்துவிடும். மூன்றங்குல நிலைமரத்துக்கோ ஓராண்டுக்கு மேலும் பொறுத்திருக்க வேண்டும்.

பொறுமையின்மை எங்கும் உள்ளதே! வீட்டுக்காரருக்கும் தச்சருக்கும் இடையே இப்படியொரு பேச்சு எந்த ஊரிலும் கேட்கலாம்:

“ஓடாவியார், மரம் அறுத்து மூன்று கிழமையாச்சு. வாற மாசம் குடிபூரல். கதவைப் போட்டுத் தாருங்கோவன்.”

“போட்டுத் தரலாம் ஐயா. ஆனால் சோளகம் தொடங்கினால் கதவு நிலையோடை நில்லாது. நிலை சுவரோடை நில்லாது. அப்ப என்னைத்தான் பேசுவியள்.”

குடிபூரலுக்குப் பழைய கதவொன்றை இரவலாக வாங்கி மாட்டிவிட்டு, பலகையை அடுக்கிலேயே விட்டுவைப்பவரே கெட்டிக்காரர்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணமுண்டு. இந்தக் கரையூர்கள் தம் மரச்செல்வத்தை இழந்த ஊர்கள். செல்வச்சந்நிதியின் பெருந்தேர் 1986ஆம் ஆண்டில் எரியுண்டது. 1987ஆம் ஆண்டுப் படை நடவடிக்கையின் போதும், அதன்பின் வந்த இடப்பெயர்வுகளின் போதும், நாற்சார் வீடுகளின் வைரம் பாய்ந்த கதவுகளும் யன்னல்களும் தீராந்திகளும் அழிந்தன. கழற்றிக் கொண்டு செல்லப்பட்டன. காவலரண்களுக்காக ஏராளமான பனைகள் தறிக்கப்பட்டன. பல ஆண்டுகளின் பின் தம் காணிக்குத் திரும்பியோர் கண்டவை கூரையற்ற சுவர்களும் அவற்றினூடே வளர்ந்த பற்றைகளுமே. ஆனால் சில வளவுகளிலே மட்டும், பாட்டனார் நட்ட பலாவோ மாவோ யாரும் நீர் விடாமலே நின்று காய்த்துக்கொண்டிருந்தது.

அத்தகைய மரமொன்று தன் காலம் முடிந்து சாயும்போது, அது அந்தக் குடும்பத்தின் பழைய வீட்டிலிருந்து எஞ்சிய ஒரே பொருளாகவும் இருக்கக்கூடும். அதை விறகாக்குவதா, புதிய வீட்டின் தலைவாசற் கதவாக்குவதா? முன்னதற்கு ஒரு பகற்பொழுது போதும். பின்னதற்கு ஓராண்டுப் பொறுமை வேண்டும். அலுமினியக் கதவு விலை மலிவாகவும் விரைவாகவும் கிடைக்கலாம். அதிலே பாட்டனாரின் மரம் இல்லை. நன்கு உலர்ந்த பலாப்பலகை புதிதில் பொன்னிறமாகத் தோன்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒளியும் காற்றும் பட்டுச் செம்பழுப்பாகக் கனியும். காய்ப்பதை நிறுத்திய மரம் நிறத்திலே கனிவது போன்றது அது!

இளைஞர்களே! அடுத்த விடுமுறையில் தொண்டைமானாற்றுக்குச் செல்வீர்களாயின், சந்நிதியிலே முருகனை வணங்குங்கள். அங்கே அறுபத்தைந்து ஆலிலைகளில் அமுது படைக்கும் மரபைக் கேட்டறியுங்கள். ஆற்று வாயிலிலே நின்று காற்றை அனுபவியுங்கள். பின்பு உங்கள் வளவுக்குத் திரும்பி, எந்த மரத்தை யார் நட்டார், எப்போது நட்டார் என்று பெரியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். மரமொன்று விழ நேர்ந்தால், அதன் முனையிலே அன்றே மெழுகு பூசுங்கள். அறுத்த பலகையிலே நாளைக் குறியுங்கள். அந்த இடத்திலே ஒரு கன்றையும் நட்டுவிடுங்கள். பலகை உலர்ந்து கதவாகும் நாளிலே, கன்று முழங்கால் உயரமாவது நிற்கும்.